ராகு காலத்தில் ஓடிய சீனப் படம்

எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதை யாருக்காவது விளக்காமல் தூக்கம் வராது. அவருக்கு அது தேவையா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அக்கா செல்வியைப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன ரெட்டியார்சத்திரத்துக்காரர்கள் நாலரை தாண்டி வந்தார்கள். ராகு காலம் தொடங்கிவிட்டது. இனி ஆறு மணி வரை பெண்ணை வெளியே அழைக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த இரண்டு பெண்கள், அக்கா தங்கையாம், சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்த நேரம் டிவியப் போடுடி" என்றார் அம்மா.

(என்னிடமா சொல்வது!) நான் சீனச் சரித்திரப் படங்களில் மூழ்கிக் கிடந்த காலம் அது. போட்டேன். பெரிய மாளிகை, பட்டு உடை, பணக்காரருக்கு இளையதாரமாக வரும் சின்னப் பெண். வசனம் யாருக்கும் புரியாதே என்று நானே விளக்கவும் ஆரம்பித்தேன்.

"மூத்தவ முன்னாடி இளையவ உக்காரவே கூடாது அத்தை!"

தங்கை மெல்ல நகர்ந்து சோபாவின் நுனிக்குப் போனார்.

"இவ பெத்த பிள்ளகூட மூத்தவளத்தான் அம்மான்னு கூப்பிடணும்!"

மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார். அடுக்களை வாசலில் அம்மா கையைக் கையை ஆட்டினார். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று டிவியைக் குறைத்து என் குரலைக் கூட்டினேன்.

"கடைசியில அந்தச் சின்னவ என்ன ஆவா பாப்பா?" மூத்தவர் நிதானமாகக் கேட்டார்.

"வெரட்டி விட்ருவாங்க அத்தை. மூத்தவதான் வெரட்டுவா!"

அம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்தார். "அடிப்பாவி! ரெண்டு பேருமே மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பொண்டாட்டிகடி. பெரியவுகளுக்குப் பிள்ள இல்லன்னு தங்கச்சியக் கட்டி வச்சாக. தரகர் இம்புட்டையும் சொன்னப்ப நீ எங்க இருந்த?"

காதில் ஹெட்போனோடு இதே அடுக்களையில்தான் இருந்தேன்.

பட்டுப்புடவையில் அக்கா நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தே பிடித்துப்போனவள். திட்டக்கூட இல்லை, கண்மை வழிய என்னைப் பார்த்தாள். பூமி பிளந்தால் முதல் டிக்கெட் எடுத்திருப்பேன்.

ஆறு மணிக்கு அக்கா போய் நின்றாள். மூத்தவர் அவளுக்குப் பூ வைத்தார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பிள்ளயப் பெத்தவ இவ. இவதான் சொல்லணும்."

சோபாவின் நுனியிலிருந்து மெதுவான குரல் வந்தது: "பொண்ணு லட்சணமா இருக்கு. தங்கச்சிக்குத்தான் வாய் ஜாஸ்தி."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காகூட. கல்யாணம் நிச்சயமானது.

இன்றும் அந்த வீட்டுப் படியேறினால் மூத்தவர் உள்ளே குரல் கொடுப்பார்: "சீனாக்காரி வாரா, ரிமோட்ட ஒளிச்சு வைங்க!" வீடே சிரிக்கும்.

போன தீபாவளிக்கு நான் கை கழுவும்போது சின்னவர் மட்டும் பின்னால் வந்து நின்றார். "பாப்பா, அந்தப் படத்த எனக்கு ஒருக்கா முழுசாப் போட்டுக் காட்டுறியா? வெளிய போயி அந்தச் சின்னவ எப்பிடிப் பொழச்சான்னு பாக்கணும்."

அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதோடு படம் முடிந்துவிடும். "நெட்டு இல்ல அத்தை" என்றேன்.

பொங்கலுக்கும் கேட்டார். அன்றைக்கும் நெட் இல்லை.