என் முழங்காலும் அவள் சம்பளமும்

சட்டம் தெரிந்த கணவனை எந்த மனைவியாலும் வெல்ல முடியாது என்று ஒரு காலையில் முடிவு செய்தேன். நான் சட்டம் படித்தவன் அல்ல; சட்டப் புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவன். இரண்டும் ஒன்றுதான் என்பது என் துணிபு.

அச்சகப் படியில் விழுந்ததிலிருந்து என் வலது முழங்கால் மடங்காது. அதற்காக மாதாமாதம் அரசிடமிருந்து ஓர் உதவித்தொகை வருகிறது. என் பெயருக்கு வரும் ஒரே வருமானம் அதுதான். மனைவி திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறாள். அந்தக் கடை முதலாளிக்கு நான் வைத்த பெயர் அத்தர். முதலில் வாசனை வரும். பிறகு அவருடைய வேன் வரும். அதிலிருந்து என் மனைவி சிரித்துக்கொண்டே இறங்குவாள். என் நகைச்சுவை ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"அப்படி என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லீங்க. ஒரு திரைய தலைகீழா தெச்சுட்டாராம்."

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று வெகுநேரம் ஆராய்ந்தேன். கிடைக்கவில்லை.

இந்த நிலையில் அத்தர் அவளை மேலாளராக்குவதாகச் சொன்னார். சம்பளம் இரட்டிப்பு. அவளுக்கு வெகுநாள் ஆசை. வேன் சவாரியும் இரட்டிப்பாகுமே என்பது என் கவலை. உடனே விதியை எடுத்து விட்டேன்: மனைவியின் வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் கணவனின் உதவித்தொகை நின்றுவிடும். உண்மையான விதிதான். கெட்ட எண்ணத்துக்கு உண்மையைப் போல் உதவும் பொருள் வேறில்லை.

"அப்போ நான் மேலாளரானா உங்க பணம் போயிடுமா?"

"போனா போகட்டும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்," என்று குரலைச் சற்று உடைத்தேன். முழங்காலையும் தடவிக்கொண்டேன்.

அவள் கண் கலங்கியது. உங்கள் காசை நான் பிடுங்குவேனா என்றாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் உதவித்தொகை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தாள். முகத்தில் அப்படியொரு தெளிவு.

"ஒரே வீட்ல இருந்தாத்தான் என் சம்பளத்தச் சேர்ப்பாங்களாம். தனித்தனியா இருந்தா சேர்க்க மாட்டாங்களாம்."

"அதனால?"

"கடைக்கு மேல ஒரு அறை காலியா இருக்கு. முதலாளி வாடகைகூட வேண்டாம்னுட்டார்."

"அவர் எங்க குடியிருக்கார்?"

"பக்கத்து அறையில."

ஆள் இல்லாமலே வீட்டுக்குள் அத்தர் மணத்தது.

"எல்லாம் உங்க காசுக்காகத்தாங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றேன். ஓடினேன் என்று சொல்ல ஆசைதான், முழங்கால் அனுமதிக்கவில்லை. அதிகாரி அம்மாவிடம் மூச்சு வாங்க எடுத்துரைத்தேன். நாங்கள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், மிக அன்னியோன்னியமாக வாழ்கிறோம். அவள் எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கட்டும். உதவித்தொகையை இன்றே நிறுத்திவிடுங்கள். எழுதியும் கொடுத்தேன். பிழையில்லாமல்.

அந்த அம்மாள் வியப்படையவே இல்லை. உட்காரச் சொன்னார். அப்போதுதான் கவனித்தேன்: நாற்காலிக்கு முன்னால் கால் நீட்ட ஒரு முக்காலி.

"இது எனக்கா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க வீட்டம்மா நேத்தே சொல்லிட்டுப் போனாங்க சார். காலைல முதல் ஆளா வருவார், பணம் வேண்டாம்னு எழுதிக் குடுப்பார், முக்காலி மட்டும் கொஞ்சம் உயரமாப் போட்டு வைங்கன்னு."

உயரம் சரியாகத்தான் இருந்தது.