ஒப்புதல் பெற்ற படிமம்

வசிப்பிடச் சான்றிதழ் அலுவலகம் இந்த வாரத்துக்குள் 'கிளவுட்' எனப்படும் மேகத்துக்குக் குடிபெயர்ந்துவிட வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. அதற்கான சுற்றறிக்கை பதினான்கு பக்கம். பதின்மூன்று பக்கங்களில் யார் யாருக்கு நகல் அனுப்பப்பட்டது என்ற பட்டியல். மிச்சமிருந்த ஒரு பக்கத்தில், "நவீன யுகத்தின் அறைகூவலைச் சிரமேற்கொண்டு" என்று தொடங்கும் ஒரே ஒரு வாக்கியம். அது கடைசிவரை முடியவே இல்லை.

குடிபெயர்க்கும் பொறுப்பு கணினிக்காரர் தலையில் விழுந்தது. ஆறு வருடங்களாகத் தற்காலிக ஊழியர். அலுவலகத்தின் பழைய சர்வர் மூன்று வாரங்களுக்கு முன் மண்டையைப் போட்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு சான்றிதழ்கூட வெளியே வரவில்லை. அது ஊருக்கு வந்த கஷ்டம். கணினிக்காரருக்கு இதில் சொந்தக் கஷ்டமும் இருந்தது. மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. அரசுப் பள்ளியில் சேர்க்க வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும். பள்ளியில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. மிச்சம் மீதி இருந்தால் மற்றவர்களுக்கு. அவர் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். சேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை ஒரே நாள்.

"ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கற ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க. பெத்த பொண்ணுக்கு ஒண்ணு வாங்க வக்கில்ல" என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி தினமும் காலை, மாலை இரு வேளையும் கொடுத்து வந்தார். "இந்த ஸ்கூல் கிடைக்கலேன்னா ரெண்டு பஸ் மாறிப் போகணும். நின்னுக்கிட்டே தூங்கிடும் அது. ஞாபகம் வெச்சுக்கோங்க."

கணினிக்காரர் கணக்குப்படி இது அரை நாள் வேலை. எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய கணினியில் நமக்கென்று இடம் பிடித்து, அதற்குள் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உண்டாக்கி, அதை அப்படியே படிமமாக, அதாவது அச்சு அசலான நகலாக, எடுத்து வைத்துக்கொண்டால், அந்தப் படிமத்தில் இருந்து எத்தனை இயந்திரம் வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலை பத்தரைக்கு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் முதல் இயந்திரத்தை எழுப்பிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. யாரையும் கேட்காமல் ஒரு காரியம் முடிந்துவிட்டால் அலுவலகம் பொறுக்குமா?

இருப்புப் பதிவேட்டு அம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"புது மெஷின் வந்திருக்காமே. நீளம், அகலம் சொல்லுங்க."

"அதுக்கு நீளம் அகலம் கிடையாதும்மா. கண்ணுக்குத் தெரியாத மெஷின்."

"எடை?"

"இல்லம்மா."

"நிறமாவது இருக்கா?"

"அதுவும் இல்ல."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அப்ப நான் எதைப் பார்த்து 'நல்ல நிலையில் பெறப்பட்டது'ன்னு எழுதறது? வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் போடணுமே, எது மேல போடறது? நாளைக்குத் திருடு போச்சுன்னா போலீஸ்ல என்ன அடையாளம்யா சொல்றது?"

விவகாரம் கண்காணிப்பாளரிடம் போயிற்று. கண்காணிப்பாளரின் முப்பத்து நான்கு வருடப் பணிக்காலத்தில் ஒரு தவறுகூட நேர்ந்ததில்லை, ஏனென்றால் அவர் எதையும் நேரவிட்டதில்லை. கோப்பை முழுவதும் படித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டார். இயந்திரம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். அதன் அறை தெரியலாமே?

பழைய கோப்புகளை வராந்தாவில் தள்ளிவிட்டு ஒரு அறையைக் காலி செய்தார்கள். உள்ளே ஒரு மேஜை. மேஜை மேல் ஒன்றுமில்லை. அந்த மேஜைக்கு வெள்ளைப் பெயின்ட்டில் எண் போட்டார்கள். சூடாகிவிடக் கூடாதென்று மின்விசிறி. வாசலில் "மெய்நிகர் இயந்திர அறை. காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை. காவலுக்கு ஒரு ஆள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் அவர், "எனக்குத் தெரியாதுங்க, ஆனா தொட்டா ஷாக் அடிக்கும்" என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த அறைப் பக்கம் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

புதன்கிழமை, படிமத்துக்கு ஒப்புதல் வாங்கக் கணினிக்காரர் கண்காணிப்பாளர் முன் நின்றார்.

"எந்த மெஷினைப் படிமம் எடுத்திருக்கீங்க?"

"புதுசா, சுத்தமா நானே தயார் பண்ணினது சார்."

"நீங்க பர்மனென்டா?"

"இல்ல சார். தற்காலிகம்."

"தற்காலிக ஊழியர் செஞ்ச மெஷின்ல இருந்து நிரந்தர மெஷின் எப்படிங்க பிறக்கும்? தணிக்கையில என் கழுத்தைப் பிடிப்பாங்க." கண்காணிப்பாளர் பணிமூப்புப் பட்டியலை வரவழைத்தார். அலுவலகத்திலேயே மூத்தவர் அவர். எனவே அவர் மேஜையில் இருக்கும் கணினிதான் படிமத்துக்குத் தகுதியானது என்று அவரே முன்மொழிந்து, அவரே பரிந்துரைத்து, அவரே ஒப்புதலும் அளித்தார்.

"ஒரு அரை மணி நேரம் கொடுங்க சார். உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துச் சுத்தம் பண்ணிட்டு எடுக்கறேன்."

"ஒப்புதல் ஆன மெஷின்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது. இருக்கறது இருக்கறபடியே எடுங்க."

இருக்கிறது இருக்கிறபடியே எடுக்கப்பட்டது. அந்தப் படிமத்தில் இருந்து ஐந்து இயந்திரங்கள் வார்க்கப்பட்டன. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சன்னலைத் திறந்தார்கள். மூன்று வாரமாகக் கால்கடுக்க நின்ற கூட்டம் மதியத்துக்குள் கரைந்துபோயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள்! காலி அறைக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குத் தையல்காரர் ஒருவர் திரும்பி வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கணினிக்காரரிடம் தாளை நீட்டினார்.

"தம்பி, பேரு என்னுது, அப்பா பேரு என்னுது. வீடு மட்டும் யாருதோ."

கணினிக்காரர் பார்த்தார். பன்னிரண்டு, பூங்காத் தெரு. பதிவேட்டைத் திறந்து அடுத்த பெயரைப் பார்த்தார். பன்னிரண்டு, பூங்காத் தெரு. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, நானூற்றுப் பன்னிரண்டும் அதேதான். கண்காணிப்பாளர் ஏதோ ஒரு பயிற்சி நாளில் முகவரிக் கட்டத்தில் தன் சொந்த முகவரியை அடித்துப் பழகி, "எப்போதும் இதையே பயன்படுத்துக" என்ற பொத்தானையும் அமுக்கிவைத்திருந்தார். பொத்தான் என்று ஒன்று இருப்பதே அமுக்கத்தான் என்பது அவர் கட்சி. அந்த அமுக்கல் படிமத்தோடு ஐந்து இயந்திரங்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

இருவரும் அவரிடம் போனார்கள். அவர் சான்றிதழை நிதானமாகப் படித்தார்.

"நல்ல ஏரியாதானே? இதுல என்ன குறை?"

"இது உங்க வீடு சார்" என்றார் கணினிக்காரர்.

கண்காணிப்பாளர் தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எப்பங்க எங்க வீட்டுக்குக் குடிவந்தீங்க? என் சம்சாரம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சார், படிமத்துல தப்பு. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

"படிமத்துக்கு ஒப்புதல் கொடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்ப நான் தப்பா ஒப்புதல் கொடுத்தேன்னு கோப்புல எழுதப்போறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்ப தப்பே நடக்கல." அவர் தையல்காரர் பக்கம் திரும்பினார். "திருத்தம் வேணும்னா மனு கொடுங்க. கூடவே சரியான முகவரியோட வசிப்பிடச் சான்றிதழ் ஒண்ணு இணைக்கணும்."

"அது இருந்தா நான் எதுக்குங்க மனு கொடுக்கறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் கண்காணிப்பாளர்.

வெளியே வந்ததும் தையல்காரர் முகத்தைப் பார்க்கக் கணினிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷன்தான் கணினிக்காரர். இதைச் சொல்லாவிட்டால் பாவம். கண்காணிப்பாளர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பூங்காத் தெருவைப் பேனாவால் அடித்து, தையல்காரரின் சரியான முகவரியை மேலே எழுதி, "திருத்தப்பட்டது" என்று ஓரத்தில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

தையல்காரர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மறக்கமாட்டேன் தம்பி. நாளைக்கு என் பையனை ஸ்கூல்ல சேர்க்கணும். காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னாடிதான் எங்க வீடு. அங்க மணி அடிச்சா எங்க வீட்டுப் பாத்திரம் அதிரும்."

அவரை அனுப்பிவிட்டு, கணினிக்காரர் காலையில் கூட்டத்தோடு கூட்டமாகத் தனக்கும் அச்சிட்டு வைத்திருந்த சான்றிதழை எடுத்தார். பன்னிரண்டு, பூங்காத் தெரு. அங்கே இருந்து பள்ளி நானூறு மீட்டர். திருத்துவதற்காகப் பேனாவைத் திறந்துகொண்டே மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுமுனையில் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"அதை நீங்களா எழுதினீங்க?"

"இல்ல. மெஷின்."

"கவர்ன்மென்ட் மெஷினா?"

"ஆமா."

"பேனாவைக் கீழ வைங்க" என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமை பள்ளியில் நீண்ட வரிசை. அறுபது இடம். எல்லோரும் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். எதேச்சையாகப் பக்கத்தில் இருப்பவர் தாள் கண்ணில் பட்டால் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பள்ளி எழுத்தர் ஒவ்வொன்றாக வாங்கினார். முத்திரை சரி, கையெழுத்து சரி, எண் சரி. "பன்னெண்டு, பூங்காத் தெருவா? பெரிய வீடு போல" என்று சொல்லிக்கொண்டே ஐம்பத்தொன்பது பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்.

மிச்சம் ஒரு இடம். முன்னால் தையல்காரரும் அவர் மகனும். அடுத்து கணினிக்காரர், மனைவி, மகள்.

எழுத்தர் தையல்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில இருந்து அம்பத்தொன்பது பேர் வந்தாச்சு. எல்லாருக்கும் ஒரே முகவரி. உங்களுக்கு மட்டும் என்ன தனியா? அதுவும் பேனாவால அடிச்சு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க!"

தையல்காரர் திகைத்துத் திரும்பினார். பின்னால் நின்றவரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, அந்த ஆபீஸ்காரரே நிக்கறாரு. தம்பி, நீங்களே சொல்லுங்க."

"நீங்க அந்த ஆபீஸா? பார்த்துச் சொல்லுங்க, இது உங்க மெஷின்ல வந்ததுதானா?" என்றார் எழுத்தர்.

உண்மையைச் சொன்னால் ஐம்பத்தொன்பது பிள்ளைகளும் வெளியே. சொல்லாவிட்டால் ஒரே ஒரு பிள்ளைதான். மனைவியின் விரல்கள் முழங்கையில் அழுந்தின. மகள் மைதானத்து ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணினிக்காரர் தாளை வாங்கி, தன் சொந்தக் கையெழுத்தையே, அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதுபோலக் கூர்ந்து பார்த்தார்.

"எங்க மெஷின் இந்த மாதிரி எழுதாதுங்க" என்றார்.

பொய் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தையல்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார், சண்டை போடவில்லை. எழுத்தர் தாளின் குறுக்கே சிவப்பு மையில் "போலி" என்று எழுதினார். "பார்த்தா நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்காரு. காலம் கெட்டுப்போச்சு" என்று வரிசையில் ஒரு அம்மா அங்கலாய்த்தார். தையல்காரர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

கணினிக்காரருக்கு முகம் எரிந்தது. எழுத்தர் கடைசிப் படிவத்தை எடுத்து, குழந்தையிடம் செல்லமாகக் குனிந்தார். "பாப்பா, உங்க வீடு எங்க இருக்கு?"

மகள் நிமிர்ந்து நின்று, கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் சைக்கிள் கடை வரை, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் வீட்டை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்தாள்.

மனைவி சிரித்துச் சமாளித்தார். "சின்னப் பிள்ளைங்க. இன்னும் சரியா சொல்ல வரல."

"அதனால என்னம்மா" என்று எழுத்தர் பூங்காத் தெருவை அழகாக எழுதி முடித்தார். "அதுக்குத்தானே ஸ்கூலு. ஒரு வாரத்துல நாங்க சொல்லிக் கொடுத்துடுவோம்."