பிளான் டீச்சரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும்

ஹட்டனில் நாளைக்கு மழை வருமா, நாளன்றைக்கு பஸ் ஓடுமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பத்து வருசம் கழித்து யார் யார் எங்கே என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று மணிக்கணக்காகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் பிளான் டீச்சர்.

நான் பேனர் அடிக்கும் கடையில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். பிறந்தநாள், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ரோஜாப்பூ போட்டுக் கொடுப்பது என் தொழில். ஒருநாள் குடையும் கையுமாக ஒரு டீச்சர் வந்தார். பக்கத்துப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவர், என்னைவிடப் பத்து வயசாவது இளையவர். தன்னுடைய ஓவியக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்றார்.

"எங்க மாட்டப் போறீங்க டீச்சர்? செவுத்து அளவு வேணுமே."

"செவுறு இன்னும் இல்லக்கா. பத்து வருசத்துல வந்துரும். நீங்க பத்துக்கு நாலு அடி போடுங்க, பெரிய செவுறுதான்."

அடித்துக் கொடுத்தோம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். என் மேசையில் கிடந்த பில் துண்டின் பின்பக்கத்தில் நான் பேனாவால் கீறியிருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது யாரு வரஞ்சது?"

"சும்மா கிறுக்கினது டீச்சர்."

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு என் ரூமுக்கு வாங்க. பென்சில் வேணாம். பத்து வருசத்துக்கு அப்புறம் இருக்கிற ஒங்களக் கூட்டிட்டு வாங்க."

பைத்தியமோ என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

அது ஒரு வாடகை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, திருத்தக் கிடக்கும் பிள்ளைகளின் கொப்பிகள். கட்டிலில் நான். கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் பெயின்ட் பாஸ். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த மேஸ்திரியை பாஸ் என்போம். இவர் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கதவுகளிலிருந்து கோயில் கோபுரம் வரை வர்ணம் அடிக்கிறவர், ஐம்பது வயசு. டீச்சரின் மொத்த வகுப்பே நாங்கள் இரண்டு பேர்தான்.

வரைகிறவர்கள் தங்கள் எதிர்காலத்தைக் கற்பனை செய்து திட்டமிடுவதற்கான பயிற்சிகளை எங்கெங்கோ இருந்து தேடி எடுத்து, ஒரு தடித்த பைலில் கோர்த்து வைத்திருந்தார் டீச்சர். முதலாவது பயிற்சி, பத்து வருசம் கழித்து வரும் ஒரு நாளை மணிக்கு மணி எழுதுவது. பாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் எழுதினார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு எழும்புவேன். தேத்தண்ணி குடிப்பேன். ஏணிய எடுப்பேன். வேலைக்குப் போவேன். வந்து படுப்பேன்."

"பாஸ், இது இன்னக்கி நீங்க செய்யிறது. பத்து வருசத்துல என்னா மாறியிருக்கும்?"

பாஸ் யோசித்தார். "தேத்தண்ணியில சீனி இருக்காதுங்க டீச்சர். அதுக்குள்ள சுகர் வந்துரும்."

இரண்டாவது பயிற்சி, எதிர்கால ஆளாகவே அந்நியர்களிடம் அறிமுகமாவது. அதற்கு ரயில்தான் சரி என்று ஹட்டனில் எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். நானுஓயா வருவதற்குள் ஆளுக்கு ஒருவரிடமாவது பேசியாக வேண்டும். நான் எதிரே இருந்த அம்மாவிடம் தைரியமாகச் சொன்னேன்: "நான் ஓவியருங்க. ஊர் ஊரா கண்காட்சி வைக்கிறேன்." அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்ப வீட்டுல யாரு சமைக்கிறது?" என்றார். தானும் ஓவியர் என்று சொன்ன பாஸிடம் ஒருவர், அப்படியானால் என் முகத்தை வரையுங்கள் என்று பேப்பரை நீட்டினார். "மொகம் வேணாங்க. வீட்டுல செவுறு இருந்தா சொல்லுங்க, ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சுத் தாறேன்" என்று பாஸ் தப்பித்தார். டீச்சரின் முறை வந்தபோது அவர் எங்கள் இரண்டு பேரின் பெருமையையே பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். தன்னைப் பற்றித் தொடங்குவதற்குள் நானுஓயா வந்துவிட்டது.

மூன்றாவதுதான் கொடுமையானது. 'முடியாது' சொல்லும் பயிற்சி. "சும்மா ஒரு படம் போட்டுத் தாங்க, சும்மா ஒரு டிசைன் செஞ்சு தாங்கன்னே ஒங்க ஆயுசு போயிரும். நான்தான் கோயில் தலைவர். கேக்கப் போறேன், முடியாதுன்னு சொல்லுங்க" என்று துப்பட்டாவைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு குரலைத் தடிப்பாக்கினார். "பாஸ்! கோயில் செவுத்துல ஒரு மயில் வரஞ்சு தாறது. சாமி காரியம்!"

பாஸ் வாயைத் திறந்தார், மூடினார். "எத்தன அடிங்க?" என்றார்.

பத்துத் தடவை கேட்டார் டீச்சர். பத்துத் தடவையும் பாஸ் அடிக்கணக்குதான் கேட்டார். நான் மட்டும் தேறினேன். தேறிய சூட்டோடு வீட்டுக்குப் போய், ரொட்டி சுடச் சொன்ன வீட்டுக்காரரிடம் "முடியாது" என்று சொல்லியும் பார்த்தேன். அன்றைக்கு அவர் சுட்ட ரொட்டியை நாய்கூட மோந்துவிட்டுப் போனது.

இப்படி இருக்கும்போதுதான் கண்டியில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். மாசக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். நானும் பாஸும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றும், இந்தத் தடவை தான் ஒரு படம் கொடுக்கப்போவதாகவும் டீச்சர் சொன்னார். சொல்லும்போது காது சிவந்திருந்தது. மீதம் இருந்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

முதல் ஞாயிறே கதவைத் தட்டிக்கொண்டு அவருடைய பாடசாலை அதிபர் வந்தார். அவர் பின்னால் ஒருவர் சுருட்டிய வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், பரிசளிப்பு விழாவுக்கு மேடைக்குப் பின்னால ஒரு சீன். மலை, அருவி, சூரியன். சின்ன வேலதான். மாசக் கடைசிக்குள்ள முடிச்சிருங்க."

"சரி சேர்," என்றார் பிளான் டீச்சர்.

கண் இமைக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை. எங்களுக்கு வாரக்கணக்கில் 'முடியாது' சொல்லித்தந்த அதே வாய்தான். நானும் பாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது வாளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "முடியாதுங்க சேர்."

அதிபர் கண்ணாடியைச் சரிசெய்தார். "நீங்க யாரு?"

"பயிற்சிக்கு வாற ஆளுங்க," என்று பாஸ் எழுந்து நின்றார். "டீச்சருக்கு வேற வேல இருக்குங்க. அவங்களால முடியாது."

"அப்ப இத யாரு செய்யிறது?"

பாஸ் துணியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். பயனில்லை.

"எத்தன அடிங்க சேர்?"

அதிபர் போனதும் டீச்சர் எங்கள்மேல் பாய்ந்தார். "நான் சரின்னுட்டேன், ஒங்களுக்கு என்ன? நானே செஞ்சிருப்பேனே!" கத்தியவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். கல்லூரியில் கடைசியாக வரைந்ததாம். அதற்குப் பிறகு எட்டு வருசமாக விளையாட்டுப் போட்டி, வாணி விழா, அதிபரின் மகள் கல்யாண மணவறை என்று மற்றவர்களுக்குத்தான் தூரிகை பிடித்திருக்கிறார். தனக்கென்று ஒரு கோடு இழுக்கவில்லை. பத்து வருசம் கழித்து என்று சொன்னால் இன்றைக்கு வரையத் தேவையில்லையே, அதனால்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன் அக்கா என்றார்.

பாஸ் துணிச் சுருளைத் தோளில் ஏற்றினார். "மூணு ஞாயித்துக்கெழம இருக்குங்க டீச்சர். கதவச் சாத்திக்கிட்டு வரைங்க," என்றார்.

நானும் பாஸும் கடைக்குப் பின்னால் துணியை விரித்து மலையும் அருவியும் போட்டோம். என் சூரியன் கொஞ்சம் ரோஜாப்பூ மாதிரி வந்துவிட்டது, தொழில் பழக்கம்.

கண்காட்சிக்கு டீச்சரின் படத்தை எடுத்துக்கொண்டார்கள். பார்க்க மூன்று பேரும் கண்டிக்குப் போனோம். படத்தில் மழை வருகிறது, லயத்துக் கொடியிலிருந்து பெண்கள் துணிகளை வாரிக்கொண்டு ஓடுகிறார்கள். நல்ல படம். ஆனால் மாட்டியிருந்த இடம் டொய்லட்டுக்குப் போகும் திருப்பம். பக்கத்தில் நின்ற டீச்சரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "வலது பக்கம், ரெண்டாவது கதவு" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லி டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பகலுக்கு மேல் ஒரு சிங்கள அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர், படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அபே கெதரத் மெஹெமய்," என்றார். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று. எல்லாவற்றுக்கும் திட்டம் வைத்திருக்கும் எங்கள் டீச்சர் தடுமாறி, அந்த அம்மா இப்போதுதான் வெளியே வந்த கதவையே மறுபடியும் கைகாட்டினார்.

இந்த வருசம் டீச்சருக்குக் கந்தப்பளைப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்துவிட்டது. ஞாயிறு வகுப்பும் அங்கே போய்விட்டது. போன ஞாயிறு காலையிலேயே போன் வந்தது. மூக்கடைத்த குரல். "எனக்குக் காய்ச்சல்க்கா. இன்னக்கிப் பயிற்சி இல்ல. ரெண்டு பஸ் மாறி வராதீங்க."

"சரிங்க டீச்சர், வரல்ல" என்று சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸான நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். பின் சீட்டில் பெயின்ட் பாஸ், மடியில் காய்ச்சல் கசாயத்துக்கான ஒரு கொத்தமல்லிப் பொட்டலத்தோடு, எனக்கு முன்னமே உட்கார்ந்திருந்தார்.