சிக்னல் சாமியும் கறுப்பு மாப்பிள்ளையும்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலை. துணிக்கடைத் தெருவின் மருந்துக்கடைக்கு மேலுள்ள மாடி அறையின் வாசலில் நூறு இணைக்குக் குறையாத செருப்புகள் கிடந்தன. கீழே, மருந்துக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நோய்க்கு அஞ்சுவோரைவிடப் பேய்க்கு அஞ்சுவோர் தொகை என்றுமே மிகுதி.

மாடியில் வீற்றிருந்தவர் சிக்னல் சாமி. மற்றவர்கள் மனிதர்களைப் பிடித்த பேயை ஓட்டினார்கள். இவர் சமூக வலைத்தளக் கணக்குகளைப் பிடித்த பேயை ஓட்டினார். காலத்திற்கேற்ற தொழில், கைபேசியின் விலைக்கேற்ற காணிக்கை.

முறை எளியது. பக்தர் தம் கைபேசி எண்ணைச் சொல்ல வேண்டும். சாமி திரைக்குப் பின்னால் சென்று கண நேரம் தியானிப்பார். உடனே பக்தரின் கைபேசி சிணுங்கும். ஆறு இலக்க எண் ஒன்று வந்து விழும். அதுவே ஆவியின் எண். அதைச் சாமியின் காதில் ஓத வேண்டும்.

அந்தச் செய்தியிலேயே, ‘இதை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வங்கி எழுத்தர் ஒருவர் ஒருநாள் துணிந்து கேட்டார்.

“சாமி, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கே?”

“யார்கிட்டயும்னா மனுஷங்ககிட்ட, மகனே. நான் யாரு?”

“சாமி!”

“அப்புறம் என்ன? ஓது.”

எழுத்தர் ஓதினார். பட்டம் பெற்ற தலை. ஆகவே மற்றவர்களைவிடச் சற்றுத் தாழ்வாகவே குனிந்தது.

அதன் பிறகு நிகழ்ந்தவை யாவும் அற்புதங்கள். “தம்பியோட மனஸ்தாபம், முந்தாநாள்கூட வாக்குவாதம்,” என்பார் சாமி. கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த வாக்குவாதத்தைத் தாமே தம் விரலால் கைபேசியில் பக்கம் பக்கமாகத் தட்டியிருந்தார் என்பது அவருடைய நினைவுக்கு வராது.

தையற்காரம்மாவும் அவ்வாறு ஓதியவர்தாம். அவர் தைத்த இரவிக்கைகளின் படங்களுக்கு விருப்பக்குறி குறைந்துவிட்டது. கண்ணேறுதான் காரணம் என்று பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். இவர் மாடி ஏறினார். படங்களை மங்கிய விளக்கில் எடுத்ததாலும் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கை மாற்றச் சொல்பவனுக்கு எவர் காணிக்கை தருவார்?

சில நாள்களில் இடி விழுந்தது. தையற்காரம்மாவின் கணக்கிலிருந்து அவருடைய நாத்தனாருக்கு ஒரு செய்தி சென்றது: ‘உன் மகள் கல்யாணத்துக்கு நான் துணி தைக்க மாட்டேன். உன் வாசற்படியையும் மிதிக்க மாட்டேன்.’ அதை அவர் எழுதவில்லை. அந்தப் பெண்ணைப் பிறந்த நாள் முதல் மடியில் வைத்து வளர்த்தவர் அவர். மணப்பெண் ஆடைக்கான துணியை வெட்டாமல், தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர். பதறிப்போய் மீண்டும் மாடி ஏறினார். சாமி கண்களை மூடினார்.

“செத்துப்போன உன் மாமியாரோட ஆவிதான் தாயே எழுதுது. மூணு வாரம், சனிக்கிழமைதோறும் வந்துட்டுப் போ.”

அன்று மாலையே நாத்தனார் தையற்கடைக்குள் புயலாய்ப் புகுந்தார். அவர் பேருந்து நடத்துநர். நெரிசலில் ஒலித்துப் பழகிய குரல். தையல் ஊசியே நடுங்கிற்று.

“எதுக்குடி அப்படி எழுதினே?”

“நான் எழுதலை அண்ணி. சத்தியமா! அத்தையோட ஆவி எழுதுதாம். சாமி சொன்னார்.”

“யாரு, எங்கம்மாவா? உசிரோட இருந்தவரைக்கும் கைநாட்டு. செத்தப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ந்தாளாம்?”

இந்தக் கேள்வி தமக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் தையற்காரம்மாவை முதலில் சுட்டது.

“போனைக் குடு,” என்றார் நாத்தனார். கணக்கின் அமைப்புகளுக்குள் நுழைந்து கண்டதையெல்லாம் தட்டினார். எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தன, திரை கறுத்தது, மறுபடி வெளுத்தது. கடைசியில், ‘எங்கெல்லாம் உள்நுழைந்திருக்கிறீர்கள்’ என்றொரு பக்கம் திறந்தது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, தையற்காரம்மாவின் கைபேசி. மற்றொன்று, ஒரு டேப்லெட். அது முதன்முதலில் நுழைந்தது, அவர் ஆறு இலக்கம் ஓதிய அதே நாளில்.

“உன்கிட்ட டேப்லெட் இருக்கா?”

“அளவு எடுக்குற டேப்தான் அண்ணி இருக்கு.”

“அப்ப, டிக்கெட் எடுக்காம ஒருத்தன் உன் வண்டியில உட்கார்ந்திருக்கான்டி!” வெளியேற்றும் பொத்தானை நோக்கி நீண்ட விரல், பாதியில் நின்றது. நாத்தனாரின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவிற்று. “வேணாம். சனிக்கிழமை வரைக்கும் வரட்டும். ஆளைப் பார்த்துட்டே இறக்கிவிடுவோம்.”

அந்தச் சனிக்கிழமைதான் இது. மாடி ஏறும்முன் நாத்தனார் தம் கைபேசியிலிருந்து தையற்காரம்மாவின் கணக்குக்கு ஒரு செய்தியைத் தட்டினார். அவருடைய இடக்கையில் மூடியிட்ட கூடை ஒன்று இருந்தது. அது அவ்வப்போது அசைந்தது.

தையற்காரம்மாவின் முறை வந்தது. சாமி திரைக்குப் பின்னால் தியானித்துத் திரும்பினார்.

“தாயே! உங்க குடும்பத்துல இன்னொரு கல்யாணமும் கூடி வருது!”

“ஆகா!” என்றது கூட்டம்.

“மாப்பிள்ளை நல்ல கறுப்பு. மீசை எடுப்பா இருக்கும். கெட்ட பழக்கம் கிடையாது. பாலைத் தவிர வேற எதையும் குடிக்கமாட்டான். ராத்திரியானா ஊர் சுத்துவான். தாலி கட்டினா திருந்திடுவான்.”

“நகம் மட்டும் கொஞ்சம் நீளமோ சாமி?” என்று பணிவாகக் கேட்டார் நாத்தனார்.

“நகமும் தெரியுது தாயே!”

“பொண்ணையும் பார்த்துடுங்க சாமி,” என்று நாத்தனார் கூடையைத் திறந்தார். ஒரு பூனை தலையை நீட்டி, சபையை நோட்டமிட்டு, கொட்டாவி விட்டது. “பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினது. இன்னொரு சங்கதி, இது கடுவன் பூனை.”

கூரை அதிரச் சிரித்தார்கள். பழக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க வாயே திறக்கலை. பூனைக்கு வரன் வந்த விஷயம் சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது? அதுவே அற்புதம் இல்லையா?”

நம்பிக்கைக்கு முதுகெலும்பு கிடையாது. எந்தப் பக்கமும் வளையும்.

“நியாயமான கேள்விண்ணே. அந்த வரனை மாடி ஏறும்முன்ன நான்தான் இவ கணக்குக்கு எழுதி அனுப்பினேன்,” என்றார் நாத்தனார். இரண்டு கருவிகள் உள்ள பக்கத்தை அனைவருக்கும் காட்டினார். “இப்ப நீயே இறக்கிவிடு,” என்று கைபேசியைத் தையற்காரம்மாவிடம் நீட்டினார். அவர் டேப்லெட்டை வெளியேற்றினார். திரைக்குப் பின்னால், ‘டிங்’ என்றொரு மணி ஒலித்தது. கடவுச்சொல்லை மாற்றினார். பிறகு நாத்தனார் புதிதாக ஒரு செய்தி அனுப்பி, அதைப் பழக்கடைக்காரருக்கு மட்டும் காட்டினார்.

“இப்ப என்ன வந்திருக்குன்னு சொல்லுங்க சாமி.”

சாமி திரைக்குப் பின்னால் சென்றார். நெடுநேரம் தியானித்தார். வியர்த்து வெளியே வந்தார்.

“ஆவி... இன்னிக்கு மௌன விரதம்.”

“அண்ணே, நீங்க படிங்க.”

பழக்கடைக்காரர் உரக்கப் படித்தார்: “சாமியின் தோளில் பல்லி.”

சாமி வீலென்று அலறித் துள்ளினார். தோளைத் தட்டினார், முதுகைத் தட்டினார், திரைச்சீலையில் சிக்கிச் சுழன்றார். பல்லி ஏதும் இல்லை. சரிபார்க்காமல் நம்பும் நோய், வைத்தியரையும் விட்டுவைக்கவில்லை.

அறுந்து விழுந்த திரைக்குப் பின்னால் பட்டு மெத்தையில் டேப்லெட் கிடந்தது. கூட்டத்தினர் ஆளுக்கொரு கைபேசியை எடுத்து அதே பக்கத்தைத் திறந்தார்கள். எல்லாருடைய வண்டியிலும் அதே பயணி. ஒவ்வொருவராக இறக்கிவிட, ‘டிங், டிங், டிங், டிங்’ என்று மெத்தை மணியடித்தது. தையற்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூடைக்குள்ளிருந்த மாப்பிள்ளையோ பெண்ணோ, அதைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அழுதது போதும்டி. பொண்ணுக்கு அளவெடுக்க எப்ப வரே?” என்றார் நாத்தனார்.

அன்று முடிவானது வருமாறு. சாமியையும் டேப்லெட்டையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தனர். ‘ஆவி’ மூட்டிய சண்டைகளை அவரவரே உறவினர் வீட்டுக்கு நேரில் சென்று தீர்த்துக்கொள்வது என்றும், மாதந்தோறும் தத்தம் கணக்குகளில் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது என்றும் ஒப்புக்கொண்டனர். ‘யாரிடமும்’ என்னும் சொல்லில் சாமியாரும் அடக்கம் என்று வங்கி எழுத்தர் முன்மொழிந்தார். அது ஒருமனதாக ஏற்கப்பட்டது. மணப்பெண்ணின் ஆடையைத் தையற்காரம்மா மறுநாளே வெட்டினார்.

எந்த வாசலிலும் செருப்பைக் கழற்றி வைக்கலாம், தவறில்லை. மூளையையும் அதனருகே கழற்றி வைக்காதீர்கள். செருப்பு தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.