ஆம்புலன்ஸ் ஆன்ட்டி சோதித்த கடற்கரைப் பைகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்துப்பிழைக்கு அளவே கிடையாது. கோலார் தங்கவயலில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். இதை டைப் அடிக்கப்போகிற புண்ணியவான், புரியாத இடத்தில் நல்ல வார்த்தையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும்.

எந்தப் பொருளைக் காட்டினாலும், அது ஒரு மனுஷனை எப்படிக் கொல்லும் என்று மூன்று விநாடியில் சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்த உலகத்திலேயே பெங்களூரில்தான் இருந்தார். ஆஸ்டின் டவுனில் நான் வாட்ச்மேனாக இருக்கும் பெண்கள் ஹாஸ்டலின் வார்டன் அவர். பிள்ளைகள் நேரில் ‘ஆன்ட்டி’ என்பார்கள். தலை மறைந்ததும் ‘ஆம்புலன்ஸ் ஆன்ட்டி’. நிஜப் பெயர் ஆபீஸ் பைலில் இருந்திருக்கும். எனக்குத் தேவைப்படவில்லை.

வாழைப்பழமா? தோல் வழுக்கும், பின்மண்டை உடையும். சீப்பா? பல் ஒடிந்து கண்ணில் பாயும். தலையணையைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு ஒரு பெண் ஒரு வாரம் கையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்கினாள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே மூன்று மாடியிலும் மணல் வாளி வந்துவிடும். ஒருமுறை கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட நான் ஏணியில் ஏறினேன். ஆன்ட்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, நான் இறங்கும்வரை சத்தமாக ஜெபம் பண்ணினார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அது செத்தவர்களுக்குச் சொல்லும் ஜெபம் என்று சமையல்கார அம்மா பிறகுதான் சொன்னார்.

இப்படிப்பட்டவரிடம் நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில், பரீட்சை முடிந்த கையோடு, இருபத்திரண்டு பெண்கள் போய் நின்றார்கள். கார்வார் பக்கம் ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்கு மூன்று நாள் போகவேண்டும். கூடவர ஒரு லெக்சரர் மேடம் சம்மதித்துவிட்டார். ஆன்ட்டி கையெழுத்துப் போட்டால்தான் பஸ் கிளம்பும்.

அந்த இருபத்திரண்டில் ஒருத்தி என் மகள் மலர். அவள் ஹாஸ்டலில் தங்குகிறவள் இல்லை, ஈஜிபுராவில் எங்கள் வீட்டிலிருந்து அதே காலேஜுக்குப் போய்வந்தாள். தோழிகள் கெஞ்சிக் கூத்தாடி அவள் பெயரையும் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தச் சுற்றுலாவுக்கும் அவள் போனதில்லை. ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காய்ச்சல் என்று நான் லெட்டர் கொடுப்பேன். இந்த முறை அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“அப்பா, இந்த வாட்டி எனக்குக் காய்ச்சல் வர வைக்காத.”

காய்ச்சல் இல்லை. வலிப்பு. ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்தது. மாத்திரையில் அடங்கிக் கிடந்தாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்க்கும். பெண் பிள்ளை விஷயம், வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று நானும் என் மனைவியும் அக்கம்பக்கத்தில்கூட மூச்சு விட்டதில்லை. வாழைப்பழத்துக்கே பயப்படுகிற ஆன்ட்டிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? மலர் பெயரை அடித்துவிடுவார். ஒருவேளை கார்வார் கடலையே அடித்துவிடுவார்.

ஆன்ட்டி சம்மதித்தார், நிபந்தனையோடு. எல்லோரும் அவர் லிஸ்ட்படிதான் பை கட்டவேண்டும். லிஸ்ட்டில் முதல் பொருள் ஸ்வெட்டர்.

“ஆன்ட்டி, அங்க வெந்து சாவோம்!”

“சாகறதா இருந்தாலும் சளி புடிக்காம சாவு. எடுத்து வை.”

அடுத்து ஆளுக்கொரு விசில், மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய தீப்பெட்டி, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், பத்து முழம் நைலான் கயிறு. ரிசார்ட்டுக்கு என் கண் முன்னாலேயே போன் போட்டார். “மரதல்லி காயி இதெயா?” என்று கன்னடத்தில் விசாரணை. தென்னை மரத்தில் காய் இருக்கிறதா என்று. இருக்கிறதாம். பிள்ளைகள் வருவதற்குள் அத்தனையையும் பறித்துவிடச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் இளநீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். “இளநீ வேணாம்பா, தலை வேணும்” என்று தமிழிலேயே சொல்லி போனை வைத்துவிட்டார்.

பிறகு மாடிப்படி பரீட்சை. அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கவேண்டும்.

ரேஷ்மா என்று ஒரு பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. “ஆன்ட்டி, சுனாமி வந்தா பையத் தூக்கிட்டு ஓடணுமா, விட்டுட்டு ஓடணுமா?”

“விட்டுட்டு.”

“அப்ப எதுக்கு இத சொமந்துட்டு ஏறணும்?”

“ஓடிப் பழகறதுக்கு. ஏறு.”

மூன்று நாளுக்குப் பதினோரு டிரெஸ் வைத்திருந்தாள் ரேஷ்மா. இரண்டாம் மாடியில் அவள் கைநழுவவிட்ட பெட்டி தனியாகவே இறங்கிவந்து, நோட்டீஸ் போர்டை இடித்து, என் நாற்காலிக்கு முன்னால் வாயைப் பிளந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஆன்ட்டி மேலிருந்து எட்டிப் பார்த்து, “நீ போறது பீச்சுக்கா, பொண்ணு பாக்க வராங்களா?” என்றார்.

மறுநாள் மொட்டைமாடியில் விசில் ஒத்திகை. ஒரு ஊதல் என்றால் ‘பசி’, இரண்டு என்றால் ‘வழி தெரியவில்லை’, மூன்று என்றால் ‘முழுகுகிறேன்’. இருபத்திரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் முழுகினார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். ஆன்ட்டி மாடியிலிருந்தே அவரைக் காட்டி, “பாருங்கடி, புத்தி உள்ள மனுஷன்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாப் பையிலும் ஒரு காகிதம் குத்தவேண்டும் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். பெண்ணின் பெயர், வீட்டு நம்பர், ரத்த வகை, கடைசியாக ‘உடம்புக்கு என்ன செய்யும்’ என்று ஒரு வரி. பெற்றவர்கள் சொந்தக் கையால் நிரப்பவேண்டும், அந்த ஊர் டாக்டருக்காக ஆன்ட்டியே கீழே கன்னடத்தில் எழுதுவார். நான் மற்றதை எல்லாம் எழுதினேன். கடைசி வரியைக் காலியாக விட்டேன். பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று காலை கேட் பக்கத்தில் மேஜை போட்டுக் கடைசிச் சோதனை. மலர் பை வந்தது. ஸ்வெட்டர், விசில், கயிறு எல்லாம் சரி. ஆன்ட்டி அடியில் கைவிட்டு ஒரு காலுறையை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவி விழுந்தது. துருப்பிடித்த, அரை ஜாண் சாவி.

“இது எந்தப் பூட்டுக்குடீ?”

மலர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தச் சாவிக்குப் பூட்டே கிடையாது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்பது எங்கள் வழக்கம். அதற்காகவே என் மனைவி அதை வைத்து அனுப்பியிருந்தாள். என் சட்டைப்பையிலும் எப்போதும் ஒன்று கிடக்கும். வாட்ச்மேன் கையில் சாவி இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

ஆன்ட்டி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு காலுறையிலிருந்த மாத்திரைப் பட்டையையும் எடுத்துப் பார்த்தார். பிறகு காகிதத்தின் காலி வரியை. “செல்வம், இப்படி வாப்பா” என்று என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் பெயரை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

“எத்தன வருஷமா?”

“ஏழாவது படிக்கறப்பலருந்து மேடம்.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது மேடம்.” கையெடுத்துக் கும்பிட்டேன். “நான் வூட்டுக்கு இட்டுனு போயிடறேன். பசங்க கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காய்ச்சல்னு சொல்லிக்கலாம்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த இருபத்தோரு பொண்ணுங்களுக்கு வராத வியாதிக்கெல்லாம் நான் மருந்து கட்டி அனுப்பறேன். நெசமாவே வியாதி இருக்கற ஒருத்திக்குக் கட்டித் தரமாட்டேனா? பதினஞ்சு வருஷமா இந்த ஹாஸ்டல்ல நான் பயந்ததுல இதான்யா நியாயமான பயம். இதப் போய் ஒளிச்சு வெச்சிருக்கியே!”

நான் ஒழுகாத தொட்டிக் குழாயை இறுக்கி மூடினேன்.

“அவ பிரெண்ட்ஸுக்குத் தெரியணும். தெரியலன்னா பயந்து ஓடுவாளுங்க. தெரிஞ்சா நிப்பாளுங்க. அத நான் சொல்லக்கூடாது, நீயும் சொல்லக்கூடாது. அவளக் கேளு.”

மலர் அங்கேயே வந்து நின்றிருந்தாள். “நானே சொல்றேன் ஆன்ட்டி” என்றாள்.

சொன்னாள். அத்தனை பேர் நடுவில், பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். ரேஷ்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்: “அடிப்பாவி, நான் பதினோரு டிரெஸ் வெச்சதையே ஊரெல்லாம் சொன்னேன். இத வெச்சுக்கிட்டா நீ ரெண்டு வருஷமா கம்முனு இருந்த?”

ஆன்ட்டி பஸ்ஸை நிறுத்திவைத்து ஒத்திகை நடத்தினார். நோயாளியாக அவரே சிமெண்ட் தரையில் படுத்தார். ஒருக்களித்துப் படுக்கவை, கழுத்துப் பட்டனைத் தளர்த்து, கையைக் காலை அமுக்காதே, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கடலில் கணுக்கால் வரைதான், அதுவும் இரண்டு பக்கமும் ஆள். “இரும்பெல்லாம் கைல குடுக்காதீங்க. எதிர்ல நிக்கறவன் மூக்குதான் ஒடையும்” என்று படுத்தபடியே சொன்னார். என் சட்டைப்பைச் சாவியையும் வாங்கிக்கொண்டார். பிறகு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“என் எழுத்து யாருக்கும் புரியாது மேடம்.”

“டாக்டருங்க எழுத்தவிடவா? எழுதுப்பா.”

ஒரே ஒரு வார்த்தை. அதுவரை நான் எழுதியே பார்க்காத வார்த்தை. பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம் தாமதமானதில் பாதி என்னால்தான்.

அந்த மூன்று நாளும் ஆன்ட்டி தன் நாற்காலியைக் கேட் பக்கம் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்தபடி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். போன் தூங்கிவிட்டதா என்று நிமிடத்துக்கொரு தரம் தட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் காலை அது அடித்தது. ஆன்ட்டி கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். ரேஷ்மாவின் குரல் மட்டும் கொசு மாதிரி வெளியே கசிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வந்துதாம்பா. மணல்ல. ரெண்டு நிமிஷம். ஒருத்தியும் ஓடலயாம்.” மூச்சு வாங்கினார். “எழுந்து உக்காந்து இட்லி துன்னாளாம். சாயந்திரமா தண்ணியில நின்னுக்கறேன்னு கேக்கறாளாம். ரெண்டு பக்கமும் புடிச்சுக்கோங்கடின்னு சொல்லிட்டேன்.”

“போகட்டுமா மேடம்?”

“பின்ன? அதுக்குத்தானப்பா போனா.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே, முந்தானையால் வரும் ஆபத்து ஒன்றையும் சொன்னார். எனக்கு அது காதில் விழவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் ஆன்ட்டிக்கு நெஞ்சு வலித்தது. அவரே சொல்லி வைத்தபடி எல்லாம் செய்தோம், எல்லா நம்பருக்கும் அடித்தோம். ஆம்புலன்ஸ் எங்கோ டிராபிக்கில் நின்றுவிட்டது. நான்தான் ஆட்டோவில் தூக்கி வைத்தேன். வழியில் ஆட்டோக்காரரிடம், “மெதுவா போப்பா, ரோடு சரியில்ல” என்றார். அதன்பிறகு எதுவும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ பழைய பிள்ளைகள் வந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். மலர்தான் உள்ளே போய் எனக்கும் சேர்த்து மண் போட்டாள்.

மலர் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். சேர்ந்த முதல் நாளே பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் தன் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டாளாம். இந்த வாரம் ஆபீஸ் தோழிகளோடு மறுபடியும் கடலுக்குப் போகிறாள். பையைத் தானே கட்டிவிட்டு, “நீ கவலப்படாதப்பா” என்றாள்.

ஆன்ட்டி இருந்தவரை எல்லோருக்கும் சேர்த்து அவரே பயந்து வைத்துவிடுவார். இப்போது நானே பயப்பட வேண்டியிருக்கிறது. எனக்கு அவர் அளவுக்கு வரவில்லை.

ஆகஸ்டு மாதம் பதினொன்றாம் தேதி, மதியம்.