பாதாளம் போய் வந்த கூறை

பாரிஸ் நகரத்தில் நான் எட்டு மாதம் இருந்தவன். ஆனால் ஈஃபில் கோபுரத்தை முதன்முதலில் ஆற அமரப் பார்த்தது ரொறன்ரோவில், ஒரு பல் வைத்தியரின் சுவரில் தொங்கிய கலண்டரில்.

கனடாவுக்கு வரும் வழியில் பாரிஸில் மாட்டுப்பட்ட எங்கள் ஆட்கள் பலருக்கும் இதே கதைதான். எங்களைக் கனடாவுக்கு அனுப்பவிருந்த ஏஜென்சிக்காரன் "அடுத்த கிழமை" என்பான். அந்த அடுத்த கிழமை வரும்வரை ஓர் அறையில் பதினொரு பேராகப் படுத்தெழும்பி, ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். அறை, நிலக்கீழ் ரயில், சவர்க்கார நுரை. எனக்குத் தெரிந்த பாரிஸ் அவ்வளவுதான்.

இதை அப்படியே ரொறன்ரோவில் சொல்லியிருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது. ஆனால் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் எந்த மாப்பிள்ளை கோப்பை கழுவிய கதையைச் சொல்லுவான்? (சொல்லுகிறவன் இருந்தால் அவன் கலியாணமாகாமல் இருக்கிறான் என்று அர்த்தம்.)

பெண்ணின் பெயர் சுகந்தி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் பெற்றோரோடு இருந்தாள். தகப்பன் ஊரில் நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். அளவு நாடா இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். முதல் நாளே என்னை எதிரில் இருத்திச் சொல்லிவிட்டார்.

"தம்பி, நான் உம்மட படிப்பைக் கேக்கேல்லை. வேலையைக் கேக்கேல்லை. பொய் சொல்லாத பெடியன் வேணும். அவ்வளவுதான்."

"ஓம் அங்கிள்."

"நீர் பாரிஸிலயும் இருந்தனீராம். இடமெல்லாம் தெரியுமோ?"

சுகந்தி அப்போதுதான் தேத்தண்ணீரோடு வந்தாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"தண்ணிபட்ட பாடு, அங்கிள்."

அடுத்த மாதம் அவர் பாரிஸுக்குத் தங்கையைப் பார்க்கப் போகிறாராம். "ஈஃபில் கோபுரத்துக்கு முன்னால நிண்டு படமெடுக்க எனக்கு ஆசையில்லை. ஒருத்தரும் பாக்காத புதினமான இடங்களாய் எழுதித் தாரும்" என்றார்.

மறுநாளே ஸ்காபரோ நூலகத்துக்கு ஓடினேன். ஒரு பழைய பயணப் புத்தகம் என் மானத்தைக் காப்பாற்றியது. ஆற்றின் நடுவே உள்ள சின்னத் தீவில் ஒரு குட்டிச் சுதந்திரதேவி சிலை நிற்கிறது. நகரத்துக்குள்ளேயே ஒரு குன்றில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. இசை நாடக அரங்கின் கூரையில் தேனீ வளர்க்கிறார்கள். மீற்றர் என்ற அளவு புதிதாக வந்த காலத்தில், சனம் அதைப் பழகுவதற்காகச் சுவரில் பதித்த சலவைக்கல் மீற்றர் ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. நாலையும் எழுதினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். ஐந்தாவதாக ஒன்றாவது சொந்தச் சரக்காக இருக்கட்டும் என்று நினைத்ததுதான் வினை. பாரிஸில் நான் வேலைக்குப் போகும் வழியில், பெரிய சிங்கச் சிலை உள்ள ஒரு சதுக்கம் வரும். அங்கே கீழே படி இறங்கும் ஒரு சின்ன வாசலில் வெள்ளைக்காரர் நீள வரிசையில் நிற்பார்கள். மழையிலும் குடையோடு நிற்பார்கள். அதுவரை நான் கண்ட வரிசைகள் ஊரில் பாண் ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். அதனால், வரிசை இருந்தால் உள்ளே நல்ல சாமான் இருக்கும் என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. 'நிலத்துக்குக் கீழே குளிர்ச்சியான, அமைதியான இடம். கட்டாயம் பார்க்கவும்' என்று எழுதினேன். அதற்குள் நான் கால் வைத்ததே இல்லை.

இதற்கிடையில் கலியாணம் பொருந்தி நாளும் வைத்தாயிற்று. ஊரில் இருந்த என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அவர் தன் கையால் தெரிந்தெடுத்த கூறைச்சேலையைப் பாரிஸ் வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைச் சுகந்தியின் தகப்பன் அங்கே வாங்கிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. அம்மாவுக்குப் பதிலாகக் கலியாணத்துக்கு வரப்போவது அந்தக் கூறைதான்.

ஒரு சனிக்கிழமை நான் வோபர்ன் வீட்டில் சுகந்தியோடும் அவள் தாய் அன்ரியோடும் இருந்து அழைப்பிதழ்களில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். பாரிஸிலிருந்து தொலைபேசி வந்தது. எல்லாரும் கேட்கட்டுமென்று அன்ரி ஒலிபெருக்கிப் பொத்தானை அமத்தினார்.

"தம்பி நிக்கிறாரோ? அந்தக் கல் மீற்றரை என்ர நாடாவால அளந்தன். அச்சொட்டாய் இருக்கு!"

நான் சுகந்தியைப் பெருமையோடு பார்த்தேன்.

"பேந்து உம்மட அஞ்சாவது இடத்துக்குப் போனன். காலமைதான் கூறையை வாங்கினது. ஒரு இடமும் வைக்கப் பயத்தில தோள்பையில கொண்டு போனன். வளைஞ்சு வளைஞ்சு நூறு படிக்கு மேல இறங்கி, ஒரு வாசலுக்குள்ள பூந்தால்..."

"வடிவோ அங்கிள்?"

"எலும்பு! சவக்காலையள் நிரம்பி வழிஞ்ச காலத்தில தோண்டி எடுத்த எலும்பெல்லாத்தையும் விறகு மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறாங்கள்! வாசல்ல 'நில், இது மரணத்தின்ர ராச்சியம்' எண்டு பிரெஞ்சில எழுதியிருக்காம். ஆருக்கு விளங்கினது? வெளியில வர ஒருத்தன், எலும்பு களவெடுத்தனோ எண்டு பையுக்குள்ள கையை விட்டுக் கூறையைக் கிளறிறான்!"

அன்ரி "ஐயோ, என்ர பிள்ளையின்ர கூறை" என்று நெஞ்சில் கைவைத்தார்.

"தம்பி, நீர் உதுக்குள்ள போனனீரோ?"

மூன்று பேர் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"இல்லை அங்கிள். வரிசையை மட்டும்தான் கண்டனான். மற்ற நாலும் புத்தகத்தில பாத்து எழுதினது. நான் அங்க கோப்பை கழுவினனான்."

"பொய் சொன்னவனுக்கு என்ர பிள்ளை இல்லை" என்றார் அங்கிள். அப்போதுதான் சுகந்தி அடக்கமாட்டாமல் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, கேட்டவுடன உண்மையைச் சொல்லிட்டார்தானே? முந்தியே 'உள்ள போனனீரோ' எண்டு கேக்காதது உங்கட பிழை."

தகப்பன் நெடுநேரம் யோசித்தார். (நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும் பாரிஸ் தொலைபேசியில்!) "சரி. இனி நான் எப்ப கேட்டாலும் உண்மை சொல்லோணும்" என்று தீர்ப்பு வந்தது.

கூறையில் தீட்டுப் பட்டுவிட்டதோ என்று கேட்க ஐயரிடம் போனோம். "செத்தவை உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப துடக்கும் இல்லை. முழுகினால் போதும்." ஆள் முழுகலாம், பட்டுச்சேலை எப்படி முழுகும் என்று அன்ரி விடவில்லை. கடைசியில் ஐயர் தீர்த்தம் தெளிக்க, அதே கூறையை உடுத்திய சுகந்திக்குத்தான் தாலி கட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் பாரிஸ். "உண்மையோ, பாரிஸோ?" என்று யாராவது கேட்டால் உண்மை சொல்லியே ஆகவேண்டும். இங்கே பிறந்த என் மகளும் அந்தச் சட்டத்தோடுதான் வளர்ந்தாள்.

போன வருடம், அந்த நாள் அங்கிளான என் மாமாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வைத்தியரும் தாதியும் மாறி மாறித் தைரியம் சொன்னார்கள். மனுசன் கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"உவையளை விடும். நீர் சொல்லும், நோகுமோ?"

"கொஞ்சமும் நோகாது மாமா."

"உண்மையோ, பாரிஸோ?"

"பாரிஸ், மாமா. நல்லா நோகும்."

கம்பியை விட்டார். "அப்ப சரி. கொண்டு போகச் சொல்லும்."