இலை ராஜா பாடநூலான கதை

ஒரு காட்டில் படிக்கிறவர்களைவிட எழுதுகிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். அவர்களிலும் அதிகமாக எழுதியவள் குமுதவல்லி என்ற முள்ளம்பன்றி. குட்டிகளுக்காக மட்டுமே எழுதுவாள். காய்ச்சல் வந்து படுத்தால் ஒரு குறுநாவல் வரும். காய்ச்சல் விட்டால் அதன் இரண்டாம் பாகம் வரும்.

இரண்டு வகை எழுதினாள். ஒன்று வரலாற்று நாவல். அதற்காகக் குகை குகையாக ஏறி இறங்குவாள். பாறையில் இருக்கும் நகக்கீறல் யாருடையது என்று தெரியாமல் ஒரு வரி எழுத மாட்டாள். மற்றது விலங்குக் கற்பனை. அதைக் குளிக்கும்போதே யோசித்து முடித்துவிடுவாள்.

வரலாற்று நாவல்களில் பேர் வாங்கியது 'சுனைப் போர்'. கோடையில் செந்நாய்கள் சுனையைப் பிடிக்க வந்தபோது, இப்போதைய சிங்கராஜாவின் தாத்தா புதருக்குள் ஒளிந்துகொண்டார், எருமைகளும் மான்களும்தான் நின்று விரட்டின என்பது கதை. நடந்ததும் அதுதான். கற்பனைகளில் பேர் வாங்கியது 'இலை ராஜா'. அதில் ஒரு சிங்கம் இறைச்சியை வெறுத்து, இலைதழை தின்று, மான்குட்டிகளை முதுகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும். இதெல்லாம் நடக்காது என்று எழுதியவளுக்கே தெரியும்.

இரண்டும் பாடநூலாக வேண்டும் என்பது குமுதவல்லியின் நெடுநாள் ஆசை. பாடநூலானால் காட்டில் ஒரு வளை மிச்சமில்லாமல் அவள் பெயர் போய்ச் சேரும். எனவே இளங்குட்டிகள் வாசிப்பு வாரியத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். வாசலில் ஒரு பச்சோந்தியை வைத்திருந்தார்கள். அது பச்சையானால் அடுத்தவர் உள்ளே போகலாம். ஆனால் அது உட்கார்ந்திருந்தது காய்ந்த கிளையில். காலையிலிருந்து பழுப்பாகவே இருந்தது. பொறுமையிழந்த முயல் ஒன்று அதைத் தூக்கி ஓர் இலைமேல் வைத்த பிறகுதான் வரிசை நகர்ந்தது.

வாரியத் தலைவர் குணாளன் என்ற நரி. அவர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாங்கம்மா. ரெண்டையும் ஒரே மூச்சுல படிச்சேன். ரெண்டையும் எடுத்துக்கறோம். ஒரு எழுத்தைக்கூட மாத்தப் போறதில்லை. அட்டையில மட்டும் ஒரு சின்னத் தப்பு. 'சுனைப் போர்' கற்பனைன்னு போடணும். 'இலை ராஜா' வரலாறு."

"தலைகீழா சொல்றீங்களே ஐயா."

"ராஜாவோட தாத்தா ஒளிஞ்சார்னு வரலாறு சொல்லுமா?"

"ஒளிஞ்சாரே. அந்தப் புதர் இன்னும் இருக்கு. நானே போய்ப் பார்த்தேன்."

"புதர் இருந்துட்டுப் போகட்டும். போன வெள்ளிக்கிழமை விருந்து முடிஞ்சு ராஜா வெத்தலை போட்டார். சபையே பார்த்துச்சு. ராஜா இலை சாப்பிடறது கற்பனைன்னு நீங்க எழுதினா, அப்போ எங்க கண்ணு பொய்யா?"

குமுதவல்லி வெற்றிலைக்கு முன்னால் அந்த விருந்தில் என்ன பரிமாறினார்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. எழுத்தில் கைவைக்கவில்லையே, அட்டைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சம்மதித்தாள்.

புத்தகம் வளைதோறும் போனது. குமுதவல்லிக்குத் தினம் ஒரு ஆண்டுவிழா, தினம் ஒரு மாலை. மாலை முள்ளில் மாட்டிக்கொள்ளும். கழற்றுவதற்குள் அடுத்த விழா வந்துவிடும்.

ஒருநாள் மான் பள்ளியின் டீச்சர் சிந்தாமணி அவளைத் தேடி வந்தாள்.

"அம்மா, 'இலை ராஜா' வரலாறுன்னு போட்டிருக்கு. குட்டிங்க எல்லாம் ராஜாவைப் போய்ப் பார்க்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்குதுங்க. நாளைக்குச் சுற்றுலா கூட்டிட்டுப் போகலாமா?"

'போகாதே' என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அட்டை பொய் என்று ஆகும். குமுதவல்லி மேடையில் வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்: "வரலாற்றுல கொஞ்சம் கற்பனை இருக்கும்மா. கற்பனையிலயும் கொஞ்சம் வரலாறு இருக்கும்."

சிந்தாமணி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குமுதவல்லிக்கு ஒரு வரியும் ஓடவில்லை. அப்படி அவளுக்கு ஆனதே இல்லை. எழுந்து சிங்கராஜாவின் குகையை நோக்கி ஓடினாள். குகைக்கு மேலே இருந்த பாறைச் சரிவை அவள் அடைந்தபோது, கீழே மான்குட்டிகள் வாயில் தளிரோடு வரிசையாக நின்றிருந்தன.

"திரும்பிப் போங்க. அது வெறும் கற்பனை" என்று மேலிருந்து கத்தினாள்.

முதலில் நின்ற குட்டி தளிரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது. "எங்க பாடத்துல வரலாறுன்னு இருக்கே. நீங்க யாரு?"

"அதை எழுதினதே நான்தான்."

"எழுதினவங்களுக்கு என்ன தெரியும்? வாரியம் சொல்லணும்" என்றது குட்டி.

அதற்குள் சிங்கராஜா வெளியே வந்துவிட்டார். சாப்பாடு வரிசையில் நின்று அவர் பார்த்ததில்லை. மகிழ்ச்சியோடு வாயைத் திறந்தார்.

குமுதவல்லி குறுக்கே பாயவில்லை. அப்படி ஓர் எண்ணமே அவளுக்கு இல்லை. பயத்தில் ஓரடி பின்வாங்கினாள். பாறையில் பாசி இருந்தது. உருண்டு வந்து, முதுகு முன்னால் போக, ராஜாவின் வாய்க்குள் விழுந்தாள்.

ராஜா அவளைத் துப்பிவிட்டார். முட்களைத் துப்ப முடியவில்லை. வைத்தியர் குரங்கு பிடுங்கியதுபோக மீதி தாடையிலேயே தங்கிவிட்டன. எதையும் கடிக்க முடியாமல் அன்றுமுதல் அவர் அரைத்த கீரைதான் குடித்தார். சிங்கத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்றான பிறகு நரிக்கு யார் பயப்படுவார்கள்? குணாளனை இறக்கிவிட்டு வாரியத் தலைமையைக் குமுதவல்லிக்கே கொடுத்தார்கள்.

பாராட்டு விழாவில் அவள் உண்மையைச் சொல்லத்தான் செய்தாள். "நான் பாயலைங்க. கால் வழுக்கிடுச்சு."

"என்ன ஒரு தன்னடக்கம்" என்று சிந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்த விழாவில் குமுதவல்லி வழுக்கியதைச் சொல்லவில்லை. அதற்கடுத்த விழாவில் எந்தக் காலை ஊன்றிப் பாய்ந்தாள் என்று விளக்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் 'பாய்ந்தவள்' என்ற நாவல் வந்தது. அட்டையில் 'வரலாறு' என்று அவளே போட்டாள். வாரியம் அன்றே ஏற்றுக்கொண்டது.

பிறகு ஒருநாள் பரமானந்தம் என்ற சுண்டெலி வாரியத்துக்கு வந்தார். கையில் தான் எழுதிய சின்னப் புத்தகம்.

"நான் அந்தச் சரிவுலதாம்மா குடியிருக்கேன். பார்த்ததை அப்படியே எழுதியிருக்கேன். பாசி மேல கால் வச்சீங்க. 'ஐயோ'ன்னீங்க. உருண்டீங்க."

குமுதவல்லி கடைசிப் பக்கம்வரை படித்தாள். நன்றாக இருந்தது. பாசியின் நிறம்கூடச் சரியாக இருந்தது. ஒரு காலத்தில் அவளும் இப்படித்தான் பார்த்துப் பார்த்து எழுதினாள். புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நல்லா எழுதறீங்க. ஆனா எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு. குட்டிங்க கண்ணு கெட்டுடும்."

"பெரிசா எழுதிட்டு வரேம்மா."

"அவசியம் வாங்க. அந்தச் சரிவு ஈரமாச்சே, எப்படி இருக்கீங்க அங்க? உங்களுக்கு நல்ல இடமா ஒதுக்கச் சொல்றேன்."

பரமானந்தம் கும்பிட்டார். அவருக்கு அன்று மாலையே காய்ந்த, காற்றோட்டமான ஒரு வளையை ஒதுக்கினார்கள். ஆந்தைகள் குடியிருக்கும் மரத்துக்கு நேர் கீழே.

நீதி: வழுக்கி விழுவதில் தவறில்லை. ஆனால் விழும்போது பக்கத்தில் எழுதத் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது.